நீலப் பொட்டு வைத்த பெரியவர்

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

அடுத்த அறையிலிருந்து உங்கள் தம்பி மகள் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்பது சுவர் வழியே வரும் குறட்டையிலிருந்து தெரிகிறது. அது அப்படியே தொடர வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் அது நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நின்றுவிடுகிறது. இங்கே அப்பா நலம், அம்மா நலம். வாசல் படியும் நலம். வந்ததும் வராததுமாக "படியில இருந்த கிரீஸ் கறை எங்க போச்சு, பளபளன்னு இருக்கே" என்று நீங்கள் பாராட்டியதில் அம்மாவுக்குச் சந்தோஷம். நலமில்லாதவள் நான் ஒருத்திதான்.

ஒரே மேஜையில் எதிரெதிரே சாப்பிட்டுவிட்டு இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பீர்கள். சாப்பிடும்போது "ஏன்டி, வாயில பூட்டு போட்டிருக்கா?" என்று கேட்டீர்கள். பூட்டுதான் அத்தை. நம் வீட்டுச் சுவர்கள் அப்படி. ஹாலில் கிசுகிசுத்தால் சமையலறையிலிருந்து பதில் வரும். அதனால் பின்னறையில் துணி துவைக்கும் மெஷினின் மேல் ஏறி உட்கார்ந்து எழுதுகிறேன், இந்த அறை விளக்கு மட்டும்தான் அப்பா அம்மா படுத்திருக்கும் அறையின் கதவிடுக்கில் தெரியாது. மெஷின் மூடி அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் மேலே வரும். எழுத்து கோணலாக இருந்தால் பாதி மூடி, பாதி பயம். முடித்ததும் இதை எட்டாக மடித்து உங்கள் வலது ஷூவுக்குள் வைக்கப் போகிறேன். எல்லோருக்கும் முன்னால் எழுந்து நடக்கப் போகிறவர் நீங்கள். அப்பா வாய் பேசாமல் கேட்கும் ஒரே ஆளும் நீங்கள்தான். உங்களை விட்டால் எனக்கு வேறு கதியில்லை.

விஷயம் இதுதான். நாளைக் காலை தீயணைப்பு நிலையத்தின் பெரிய அதிகாரி வரும்போது, ஹாலில் நடுவில் ஸ்டூல் மேல் நிற்கிறாரே பித்தளைப் பெரியவர், அவரை அப்பா தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தால், அப்பாவின் முகத்துக்கு ஏதாவது ஆகிவிடும். அப்பாவுக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதற்குக் காரணம் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் போன தடவை வந்தபோது நம் வீட்டில் பித்தளைத் தீயணைப்பான்கள் சோபாவுக்குப் பின்னால் அடங்கும் அளவில்தான் இருந்தன. இந்தத் தடவை சோபாவே இல்லை. உள்ளே நுழைந்ததும் "டேய், இது வீடா பாத்திரக் கடையா?" என்று நீங்கள் கேட்டதற்கு அப்பா சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக் என்பதால் பழைய கட்டடங்களின் அடித்தளத்துக்கெல்லாம் போகிறார். மூடிப்போன தியேட்டர், ஆளில்லாத மில், இடிக்கப்போகும் ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் படிக்கட்டுக்குக் கீழே ஒன்று நிற்கும். யாரோ அதன் மேல் சிவப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள், அதற்கு மேல் இன்னொருவர் அடித்திருப்பார், பார்த்தால் பழைய தண்ணீர்க் குழாய் மாதிரி இருக்கும். அப்பா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். மற்ற வீட்டு அப்பாக்கள் வேலை முடிந்து பழம் வாங்கி வருவார்கள் என்று அம்மா சொல்வார்.

ஆனால் அத்தை, அந்தப் பெயின்ட் உரிவதை நீங்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ரிமூவரைப் பூசிவிட்டுக் காத்திருந்தால் பெயின்ட் சுருங்கிக் கொப்பளித்துத் தோல் தோலாக வரும். மழுங்கிய கத்தியால் அப்பா ஒரு இழுப்பு இழுத்தார் என்றால் கீழே மஞ்சளாக ஒரு கோடு. இத்தனை வருஷம் இருட்டில் நின்ற பொருளுக்குள் இவ்வளவு வெளிச்சம் எங்கே இருந்தது என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் மூச்சு நின்றுவிடும். பிறகு நுனியில் உருண்டை வைத்த இரும்புக் கம்பியைக் கழுத்து வழியாக உள்ளே விட்டு நசுங்கின இடங்களைத் தட்டித் தட்டி எடுப்பார். நான் வெளியிலிருந்து கையை வைத்து "இங்கப்பா, இன்னும் கொஞ்சம் மேலப்பா" என்பேன். அதற்கப்புறம் பாலிஷ். காலையில் ஹால் ஜன்னலைத் திறந்தால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு ஜன்னல் திறக்கும். நான் பல் தேய்த்துக்கொண்டு நடந்தால் அத்தனை வயிற்றிலும் ஒரு குட்டிப் பெண் பல் தேய்த்துக்கொண்டு நடப்பாள். அம்மாவும் திட்டிக்கொண்டே போகும்போது ஒன்றின் முன்னால் நின்று தலையைச் சரிசெய்துகொள்வார். இதை நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் நாங்கள் பேர் வைத்திருக்கிறோம். தொப்பைக்காரர், மொட்டைத் தலை, கைப்பிடி ஒன்று போனதால் ஒற்றைக் காது. அவை வேலை செய்யும் விதத்தை அப்பா சொல்லிக் கொடுத்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. உள்ளே சோடா உப்பு கரைத்த தண்ணீர் இருக்கும். மேலே கழுத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் அமிலம் இருக்கும், அதன் வாயில் ஈய மூடி சும்மா உட்கார்ந்திருக்கும். நிமிர்ந்து நிற்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஒரே வீட்டில் வருஷக்கணக்காக இருக்கும். தலைகீழாக்கினால் மூடி விழும், அமிலம் தண்ணீரில் இறங்கும், வாயு பொங்கும், தண்ணீர் பீச்சியடிக்கும். "இதுல பொத்தான் கிடையாது, சாவி கிடையாது, படிச்சவன் படிக்காதவன் கிடையாது. கவுத்துப் பிடிக்கணும், அவ்வளவுதான். பயத்துல கை நடுங்குறவனாலயும் முடியணும்னு எவனோ ஒருத்தன் உக்காந்து யோசிச்சிருக்கான் பாரு" என்றார் அப்பா. எனக்குக் கை நடுங்குவது உங்களுக்குத் தெரியுமே. எனக்காகவே யாரோ செய்த சாமான் மாதிரி இருந்தது.

அம்மா ஒரு சட்டம் போட்டிருக்கிறார். அம்மா பேட்டரிக் கடையில் வேலை பார்ப்பதால் அமிலத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் அவருக்குப் பாடம் எடுக்க முடியாது. கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் மேலங்கியை நீட்டிப் பிடித்து அதிலுள்ள ஓட்டைகள் வழியாக எங்களைப் பார்த்து, "ஒவ்வொண்ணும் ஒரு சொட்டு. இது துணி. இதே கண்ணா இருந்தா?" என்று கேட்டார். பழைய பித்தளை வெளியே பளபளத்தாலும் பற்றவைத்த மூட்டுகள் உள்ளே மெலிந்து போயிருக்குமாம், வாயு பொங்கினால் தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் சாமானே வெடித்துக்கொண்டு வருமாம். அப்பாவும் இதை ஒப்புக்கொண்டார். அதனால் வீட்டுக்கு எது வந்தாலும் வெளியிலேயே அப்பா திறந்து காலி செய்து கழுவ வேண்டும், பிறகு அடியில் டிரில்லால் எறும்பு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட வேண்டும். ஓட்டை இருந்தால் உள்ளே வாயு சேராது. ஓட்டை போட்டதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு நீலப் பொட்டு ஸ்டிக்கர். பொட்டு இல்லாத எதுவும் உள்ளே வரக்கூடாது. என்றைக்காவது ஒரு சொட்டு கசிந்தால் அன்றைக்கே மொத்தமும் எடைக்குப் போய்விடும். ஓட்டை போடுவதும் பொட்டு ஒட்டுவதும் என் வேலை. அப்பா யாரிடம் போனில் பேசினாலும் "என் பொண்ணு பொட்டு வச்சுட்டா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்பார்.

அத்தை, நான் பொட்டு வைத்துவிட்டேன். ஓட்டை போடவில்லை.

பெரியவர் வந்த அன்று நடந்தது அது. பழைய இரும்புக் கடைக்காரர் "காலிதான் சார், நானே திறந்து பாத்தேன்" என்று சொல்லியிருக்கிறார், அப்பா நம்பிவிட்டார். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்ததால் பெரியவரைப் பின்புறத்தில் நிறுத்திவிட்டு, "ஓட்டை மட்டும் போட்டு வைம்மா" என்று ஓடினார். நான் கண்ணாடி மாட்டிக்கொண்டேன், கையுறை போட்டுக்கொண்டேன். டிரில் போடும் முன் விரல் முட்டியால் ஒரு தடவை தட்டிப் பார்ப்பது என் வழக்கம். காலியானது மணி மாதிரி சத்தம் கொடுக்கும், எனக்கு அது பிடிக்கும். பெரியவரைத் தட்டினேன். "ம்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருப்பது மாதிரி. காதை வைத்து மெதுவாக, மிக மெதுவாக, விரலால் அசைத்தேன். உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. கழுத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் அட்டை தொங்கியது, அதில் கடைசியாக நிரப்பிய தேதி அழிந்து போய், நிரப்பியவர் போட்ட கையெழுத்தின் வால் மட்டும் இருந்தது. அப்பா பிறப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் உப்பைக் கரைத்து ஊற்றி, குப்பியை வைத்து, மூடியைத் திருகி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் எத்தனையோ பேர் அதே படிக்கட்டில் இறங்கிப் போயிருப்பார்கள், ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒன்றுமே பற்றியெரியவில்லை. ஒன்றுமே நடக்காத அத்தனை நாளும் பெரியவர் தயாராக நின்றிருக்கிறார். இப்போதும் நிற்கிறார். இவர் வயிற்றில் நான் போய் ஓட்டை போட்டு எல்லாவற்றையும் சாக்கடையில் விடுவதா? டிரில்லைக் கீழே வைத்துவிட்டேன். மூடியைத் திறக்கலாமா என்று ஸ்பேனரால் ஒரு தடவை முயன்றேன், அசையவில்லை. அப்பா திரும்பி வந்து "போட்டாச்சா?" என்றார். "போட்டாச்சு" என்று என் வாய் சொன்னது. பொட்டு ஏற்கெனவே கையில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பெரியவர் மேல் ஒட்டினேன். அவ்வளவுதான் அத்தை, அன்று முதல் என் சோறு தண்ணீர் போய்விட்டது.

ஆரம்பத்தில் பயத்தைவிட ஆசைதான் அதிகம் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராகப் போய்க் காதை வைப்பேன். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம்கூட மாறியது. முன்பு கஞ்சி மாதிரி சோம்பலாக அசையும், இப்போது துறுதுறுவென்று இளமையாக அசைகிறது. என்னோடு பழகிவிட்டார் என்று நினைத்தேன். மூடியைச் சுற்றிப் புதுப் பித்தளை மாதிரி ஒரு மெல்லிய வளையம்கூடத் தெரிந்தது, அப்பா பாலிஷ் போட்டிருப்பார். ஆனால் வகுப்பில் அமிலப் பாடம் வந்ததே, அன்றோடு ஆசை போய்ப் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுந்து நின்று, "டீச்சர், ரொம்ப வருஷம் ஆன அமிலம் செத்துப் போயிடுமா?" என்று கேட்டேன். "அமிலம் என்ன உன் தாத்தாவா, வயசாகிச் சாகுறதுக்கு? மூடி வச்சா மூடி வச்சபடி இருக்கும். உக்காரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன், என் கால்கள்தான் உட்காரவில்லை.

அதற்கப்புறம் நான் செய்த முயற்சிகளைக் கேட்டால் உங்களுக்கே என் மேல் பரிதாபம் வரும். முதலில் பெரியவரை ஒரு மூலைக்கு நகர்த்திப் போர்வையால் மூடி வைத்தேன், கண்ணில் படாவிட்டால் அப்பா எடுக்க மாட்டார் என்று. மறுநாள் அம்மா போர்வையைத் துவைக்க எடுத்துக்கொண்டார், அது இருந்த இடத்தில் வெயில் பட்டுப் பெரியவர் முன்னைவிடப் பிரமாதமாகத் தெரிந்தார். அடுத்து வீட்டில் யாரும் இல்லாத சமயம் பார்த்து, கால்மிதி ஒன்றை அடியில் தள்ளி, நிமிர்ந்த நிலை மாறாமல், ஒரு கையால் கழுத்தையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிப்போவது மாதிரி பின்வாசல் பக்கம் இழுத்தேன். வாசல்படிக் கட்டை தடுத்தது. ஏற்றினால் சாயும், சாய்ந்தால் மூடி விழும், மூடி விழுந்தால் நானும் பெரியவரும் சேர்ந்து பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போவோம். அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா வந்து பார்த்து, "பெரியவர் ஏன் வாசல்ல நிக்கிறார்?" என்றார். "காத்து வாங்கப்பா" என்றேன். அப்பாவுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, உனக்கும் அந்தப் பாசம் வந்துடுச்சு" என்று பெரியவரை அப்படியே அலாக்காகத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஹாலின் நட்டநடுவில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, "என்ன கனம் பாரு, அந்தக் காலத்துப் பித்தளைன்னா பித்தளை" என்று கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஓர் அட்டையில் "தொடாதீர்" என்று எழுதிப் பெரியவர் கழுத்தில் மாட்டினேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, அடடா, அதிகாரி வரும்போது மியூசியம் மாதிரி இருக்குமே என்று அதே மாதிரி எல்லாவற்றுக்கும் எழுதச் சொன்னார். ராத்திரி வரை உட்கார்ந்து எழுதினேன். இப்போது ஹாலில் எல்லோர் கழுத்திலும் "தொடாதீர்" தொங்குகிறது. மற்ற யாரும் எப்படியும் தொடப் போவதில்லை. அப்பா மட்டும் தொடுவார்.

இன்று சாயங்காலம் ஒத்திகை பார்த்தாரே, நீங்களும்தானே நாற்காலியில் உட்கார்ந்து ரசித்தீர்கள். மொட்டைத் தலையை மார்போடு அணைத்து, ஒரே வீச்சில் தலைகீழாக்கி, அடிப்பக்கம் முகத்துக்கு நேரே வர, "இப்போ பொங்கும், இப்போ பீச்சும்" என்று அப்பா நடித்துக் காட்டியபோது அம்மாவே சிரித்துவிட்டார். பிறகு அப்பா, "நாளைக்கு இது வேண்டாம், பெரியவரைத்தான் தூக்கப் போறேன், அதிகாரி அசந்துடணும்" என்றார். அப்போதுதான் என் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. நீங்கள் ஈரக் கை என்று நினைத்தீர்கள். நான் சும்மா கேட்பது மாதிரி, "கவுக்காம வாயாலயே சொல்லிக் காட்டுங்கப்பா" என்றேன். "கவுக்காம என்னம்மா, அதுலதானே இருக்கு எல்லாம்" என்றார். புதிய தீயணைப்பு நிலையத்தின் முகப்பில் கண்ணாடிப் பெட்டி வைத்து அப்பா துடைத்த சாமான்களை வைக்கப் போகிறார்களாம், கீழே அப்பா பேர் போடுவார்களாம். அதற்காகச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்திருக்கிறார். அந்த நாற்காலிப் பக்கமே நான் திரும்புவதில்லை.

அப்பாவிடமே சொல்லிவிடலாமே என்பீர்கள். ரெண்டு தடவை போய் முன்னாடி நின்னேன் அத்தை. "என்னம்மா?" என்று நிமிர்ந்து பார்க்கிறார், அந்த முகத்தில் சந்தேகமே இல்லை. பொட்டு பொய் என்று தெரிந்தால் இனிமேல் அந்த முகம் அப்படிப் பார்க்காது. அம்மாவிடம் சொன்னால் விடிவதற்குள் மொத்தமும் எடைக்குப் போய்விடும், அதிகாரி வந்து வெறும் சுவரைத்தான் பார்க்க வேண்டும். அம்மா மேல் தப்பில்லை, சட்டம் சட்டம்தான். சொல்லாமல் விட்டால் அப்பா முகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பா முகம்தான் வருது, நான் என்ன பண்ணுவேன்.

அதனால் தங்களிடம் கேட்பது இது ஒன்றுதான். இதைப் படித்ததும் நடக்கப் போகாமல், ஏதாவது சாக்குச் சொல்லி அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் தோள் பலமானது. நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து, பெரியவரைச் சாய்க்காமல் வெளியே கொண்டுபோய்விடுவோம். பிறகு என்ன செய்வது என்று பெரியவர்களாகிய நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நானே சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். ஒரு வேளை நீங்கள் கோபத்தில் என் காதைத் திருக நினைத்தால், இடது காதைத் திருகுங்கள். வலது காதால்தான் பெரியவரைக் கேட்பேன்.

நீங்களும் உங்கள் முழங்கால்களும் நீண்ட நாள் வலியில்லாமல் வாழ வேண்டும். உங்கள் குறட்டை இப்போது மாடிப்படி ஏறுவது மாதிரி கேட்கிறது, இறங்குவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.

தங்கள் கால்களில் விழவேண்டிய நிலையில் உள்ள,
தங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியிருப்பதை எல்லாம் அப்படியே மறந்துவிடுங்கள். இதை உங்கள் ஷூவுக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது சமையலறை விளக்கு எரிந்தது. தண்ணீர் குடிக்க வந்த அம்மா, "அண்ணி ஷூவுக்குள்ள என்னடி தேடுற?" என்றார். கடிதத்தை நீட்டிவிட்டேன். அம்மா நின்றபடியே முழுவதும் படித்தார். மேலங்கி வரும் இடத்தில் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். வாசல்படிக் கட்டை இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என்னைச் சமையலறை ஜன்னலுக்கு இழுத்துப் போனார். அங்கே கொஞ்ச நாளாக ஒரு தடித்த கண்ணாடிக் குப்பியில் மணி பிளான்ட் வைத்திருக்கிறார், நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள்.

"இது என்ன?" என்றார். குப்பி என்றேன். "எதோட குப்பி?" என்றார். அப்போதுதான் பார்த்தேன். குறுகின கழுத்து, கனத்த அடி. அப்பா படம் வரைந்து காட்டின அதே குப்பி.

"ஓட்டை போட்டா தரையில பித்தளைத் தூள் விழும். மறுநாள் காலையில அதைக் கூட்டுறது யாரு? நீயா, உங்கப்பாவா?" என்றார் அம்மா. "அன்னைக்குத் தூளே இல்ல. பொட்டு மட்டும் இருக்கு. அப்பவே தெரியும்." நான் பள்ளிக்கூடத்திலும் அப்பா வேலையிலும் இருந்த ஒரு நாள், கடையிலிருந்து கையுறையும் பெரிய ஸ்பேனரும் கொண்டுவந்து, பெரியவரை நிமிர்ந்த நிலையிலேயே திறந்து, குப்பியை வெளியே எடுத்து, அமிலத்தைக் கடையில் கழிவு ஊற்றும் பீப்பாயில் சேர்த்துவிட்டாராம். சோடாத் தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லையாம், வாசல் படியைத் தேய்த்துக் கழுவினாராம். நீங்கள் பாராட்டிய பளபளப்பு பெரியவர் கொடுத்தது, அத்தை. அத்தனை வருஷம் காத்திருந்து கடைசியில் கிரீஸ் கறைக்கா என்று முதலில் கேட்கத் தோன்றியது. பிறகு, அந்தப் படியில் நீங்கள் வழுக்காமல் ஏறி வந்ததை நினைத்துக்கொண்டேன்.

"அப்போ உள்ள கேக்குற சத்தம்?" என்றேன்.

"குழாய்த் தண்ணி."

"ஏம்மா ஊத்தி வச்ச?"

அம்மா குப்பியில் ஒரு இலையைத் திருப்பி விட்டார். "ஸ்கூல் விட்டு வந்து பையக்கூடக் கழட்டாம போய் அதுமேல காத வைக்கிற. ஒரு நாள் காலியா இருந்தா உன் மூஞ்சி எப்படிப் போகும்னு நினைச்சேன். ஊத்திட்டேன். நீ பயந்து சாகுறேன்னு எனக்கு எப்படிடி தெரியும், ஆசையா கேக்குறேன்னுல்ல நினைச்சேன்."

"ரெண்டும்தாம்மா" என்றேன்.

ஒரு சொட்டு வெளியே வந்தால் எல்லாவற்றையும் எடைக்குப் போடுவதாகச் சொன்ன அதே அம்மாதான் இவர், அத்தை. முழுசையும் வெளியே எடுத்து, மறுபடி உள்ளே ஊற்றியும் வைத்திருக்கிறார். நான் பித்தளையைத்தான் இத்தனை நாள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே மேற்படி கோரிக்கை ரத்து. அதற்குப் பதிலாக அம்மாவும் நானும் சேர்ந்து கேட்பது: காலையில் நடக்கப் போகும்போது அப்பாவையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள், கொஞ்சம் சுற்றுவழியாகவே வாருங்கள். நீங்கள் திரும்புவதற்குள் நாங்கள் தண்ணீரை இறக்கி, டிரில் போட்டு, பொட்டை உண்மையாக்கிவிடுவோம். அப்பா கவிழ்க்கட்டும், அதிகாரி அசரட்டும். அதிகாரி போனதும் அப்பாவிடம் நானே சொல்லிவிடுவேன், அம்மா பக்கத்தில் நிற்பதாகச் சொல்லிவிட்டார்.

இப்பவே கொட்டிடலாமா என்று அம்மா கேட்டார். காலை வரை இருக்கட்டும் என்றேன். படுக்கப் போகும் வழியில் ஹாலில் நின்று விரல் முட்டியால் ஒரே ஒரு தடவை தட்டினேன். "ம்" என்றார் பெரியவர். அம்மா குனிந்து, கூந்தலை ஒதுக்கிக்கொண்டு, பித்தளையில் காதை வைத்தார். ரொம்ப நேரம் காதை எடுக்கவே இல்லை.

"ஆள் இருக்காரு" என்றார்.